51 கணக்கும் என் ஒரு மழைமானியும்

ஆறு வருடமாக, மழையைக் கணினியில் கணிக்கும் மாடல்களைப் பார்த்துத்தான் குறுவை அறுவடைக்கு மிஷின் சொல்கிறேன். மன்னார்குடி பக்கம் நிலம். வாசலில் ஒரு மழைமானி, பக்கத்தில் ஒரு நோட்டு.

முதல் வருடம் ஒரு செயலியில் ‘2 மி.மீ.’ என்று பார்த்து அறுத்துவிட்டேன். ராத்திரி ஒன்பதரைக்குப் பிடித்த மழை, காலை எட்டரைக்கு மானியில் 43. களத்தில் கிடந்த நெல்லுக்குத் தார்ப்பாய் போதவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ரோட்டில் கொட்டி நான்கு நாள் காயவைத்தோம். அடுத்த வருடம் அதே செயலி 30 மி.மீ. என்றது. மிஷினை வேண்டாமென்றேன். ஒரு பொட்டு விழவில்லை. மிஷின் வேறு ஊருக்குப் போய், திரும்பி வருவதற்குள் வயல் சேறாகிவிட்டது. அப்புறம் டயர் வண்டி இறங்காமல், கூடுதல் வாடகைக்கு பெல்ட் வண்டி.

காரணம் மெதுவாகத்தான் புரிந்தது. நல்ல உலக மாடலே வானத்தை 9 கி.மீ. கட்டங்களாக வெட்டித்தான் சமன்பாடுகளைப் போடுகிறது. ஒரு கட்டம் 81 சதுர கிலோமீட்டர். புரட்டாசி இடிமழை மேகமோ சில கிலோமீட்டர்தான் இருக்கும். அதைக் கட்டத்துக்குள் தோராயமாகத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். திரையில் தெரிவது கட்டத்தின் சராசரி. என் களத்து மழை அல்ல.

இப்போது ஒற்றை எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 50 முறையும், மாற்றாமல் ஒரு முறையும் கணக்கை ஓட்டுகிறது. 1961இல் வானிலை விஞ்ஞானி லோரென்ஸ் 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிப் போட்டதற்கே அவருடைய கணினி வேறொரு வானிலையைக் காட்டியதே, அந்தப் பயம்தான். 51இல் எத்தனை, 10 மி.மீ.யைத் தாண்டுகிறது என்று எண்ணுவேன். பத்துக் கணக்குக்குக் கீழே என்றால் மிஷின் வரலாம். முப்பதுக்கு மேல் என்றால் வேண்டாம்.

“ஒரே பதில் சொல்லாத அம்பத்தொண்ணு எதுக்குடா?” என்று அப்பா கேட்பார். அவருக்கு எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் போதும். ஆனால் எனக்குப் பயன்படுவதே அந்த முரண்பாடுதான். கணக்குகள் சிதறிக் கிடந்தால் பாதி வயலை மட்டும் அறுக்கிறேன்.

அன்றைய சாயங்காலத்துக்கு மாடலே வேண்டாம். நான்கு மணிக்குக் காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து, அரியலூர்ப் பக்கம் மேகம் கட்டி எங்கள் பக்கம் நகர்கிறதா என்று பார்த்தால் சரி.

ஐப்பசி, கார்த்திகை கதை வேறு. காற்றழுத்தத் தாழ்வு வருவதை நான்கைந்து நாள் முன்பே மாடல்கள் நன்றாகச் சொல்கின்றன. அளவை மட்டும் நம்பமாட்டேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதைப் போன்ற உச்சம், சராசரிக் கட்டத்தில் அடங்காது.

செயற்கை நுண்ணறிவு மாடல்களையும் போன பருவத்திலிருந்து பார்க்கிறேன். தாழ்வின் பாதையை அழகாகப் பிடிக்கின்றன, கனமழையை மழுப்பிவிடுகின்றன. நோட்டில் அவற்றுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். இன்னும் நாலு பக்கம்கூட நிரம்பவில்லை.