பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் லேப்டாப் வாங்காதீர்கள்: வேலூரில் எனக்கு நடந்தது

சத்துவாச்சாரியில் இருக்கிறேன். மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி லேபில் கிடைக்கிற நேரம் போதவில்லை, சொந்தமாக ஒரு லேப்டாப் வேண்டும் என்று முதல் செமஸ்டரிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் வேலூர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 46,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாக எழுதுகிறேன். கல்லூரி திறக்கிற நேரத்தில் இதே பணத்தோடு இதே மாதிரிக் கடைகளுக்குப் போகும் பெற்றோர் நிறையப் பேர்.

நான் கேட்டது புது லேப்டாப். கடைக்காரர் எடுத்துக் காட்டியதற்கு அட்டைப்பெட்டி இல்லை. "ஓப்பன் பாக்ஸ் பீஸ் சார். டெமோவுக்குப் பெட்டியை மட்டும் பிரிச்சது. வெளியில 62,000 போகுது. ஐ5, 8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி. பாப்பா படிச்சு முடிக்கிற வரைக்கும் தாராளமா ஓடும்" என்றார். மேல்மூடி பளபளவென்று இருந்தது. கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. திரையில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருந்தது. ஒரு வருட வாரண்டி என்றார். கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் வெளிவந்திருக்கும்.

வீட்டுக்கு 200 எம்பிபிஎஸ் வேக ஃபைபர் இணைய இணைப்பும் அந்த வாரம்தான் வந்தது. எங்கள் வீடு அப்பா கட்டியது, எல்லாம் ஒன்பது அங்குலச் சுவர். கீழே இருக்கும் வைஃபை மாடி அறைக்கு எட்டாது. அதனால் மாடிக்கு ஒரு ரூட்டர் 2,300 ரூபாய்க்கும், கேட் 6 வகை இணையக் கேபிள் மீட்டர் 30 ரூபாய் வீதம் 28 மீட்டரும் அதே கடையில் வாங்கிவிட்டேன்.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சென்ட் கூட வரும் சார், உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு?" என்று சொல்லி, எஸ்டிமேட் என்று அச்சடித்த சின்னத் தாளில் 'லேப்டாப் ஐ5 - 1, ரூட்டர் - 1, கேபிள்' என்று எழுதிக் கொடுத்தார். மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கணக்குப் போட்டால் எட்டாயிரத்துக்கு மேல் மிச்சம் என்று நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதிப் பணம் ரொக்கம், மீதி போனில். போனில் போன பணம் கடைப் பெயருக்குப் போகவில்லை, ஒரு தனி ஆளின் பெயருக்குப் போயிருந்தது. அதையும் அப்போது கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் மகள் வந்து, "அப்பா, க்ளாஸ்ல ஒரு மணி நேரம்கூட சார்ஜ் நிக்கலப்பா" என்றாள். கடைக்குப் போன் செய்தால், "புது பேட்டரி சார், நாலஞ்சு தடவை ஃபுல்லா ஏத்தி இறக்கினா செட் ஆயிடும்" என்றார்கள். செட் ஆகவில்லை. அவளுடைய சீனியர் ஒருவர் சொல்லிக் கொடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை தட்டச்சு செய்யும் திரை) பேட்டரி ரிப்போர்ட் கேட்கும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தாள். விண்டோஸ் லேப்டாப் எதிலும் இது உண்டு, காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. பேட்டரி செய்யப்பட்டபோது அதன் கொள்ளளவு என்ன, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது, இதுவரை எத்தனை சுற்று ஏறி இறங்கியிருக்கிறது என்று ஒரு பக்கமாக வருகிறது. செய்தபோது 48,000 மில்லிவாட்-ஹவர். இப்போது 20,600. சுற்று 611.

மூன்று வாரத்தில் 611 சுற்று எங்கிருந்து வரும்? ஓர் அலுவலகத்தில் தினம் ஒரு முறை ஏற்றி இறக்கினால்கூட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாரோ ஆபீஸ்ல வச்சு ஓட்டினதுப்பா" என்றாள். அன்று இரவு இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளறினோம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரு சீரியல் நம்பர், உள்ளே பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) வேறொரு நம்பர். பயாஸில் இருந்த நம்பரைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் போட்டதும் வாரண்டி 2018-ல் தொடங்கி 2021-ல் முடிந்துவிட்டது என்று வந்தது. ஐ5 என்று சொன்னாரே, அது இன்டெல்லின் ஐ5 8250யு சிப், 2017-ல் வந்த எட்டாம் தலைமுறை. ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. வெறும் ஐ5 என்று சொல்லி விற்பது, வருடம் சொல்லாமல் வண்டி விற்பது போலத்தான். எட்டாம் தலைமுறைக்கும் கீழே உள்ள இன்டெல் சிப்புகளில் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5-ஐ யாராவது 'படிக்கிற பிள்ளைக்குப் போதும்' என்று நீட்டினால் இதை மனதில் வையுங்கள்.

விண்டோஸும் முறையானது இல்லை. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வகையைப் போலக் காட்டி ஏற்றியிருக்கிறார்கள், 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வகை. காலாவதித் தேதி ஒன்றும் காட்டுகிறது. எஸ்எஸ்டியை (சேமிப்பு டிஸ்க்கை) மட்டும் சோதித்தபோது மொத்தம் ஓடிய நேரம் நூறு மணிக்கும் குறைவு என்று வந்தது. இதைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது. மலிவான புது டிஸ்க்கை மாட்டிவிட்டால் அது புதிது என்றுதான் சொல்லும். பேட்டரியையும் மாற்றியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் நல்லதாகவே வந்திருக்கும். அவர்கள் மாற்றாமல் விட்டதால் மாட்டிக்கொண்டது பயாஸ் சீரியல் நம்பர். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லேப்டாப்புகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, கீபோர்டு மாற்றி விற்பது ஒரு நேர்மையான தொழில்தான். பழையது என்று சொல்லி, அதற்கான விலையில் கொடுத்தால் கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு அது நல்ல வழி. இதே மாடலைப் பழையது என்று சொல்லியே விற்கும் ஒருவரிடம் விசாரித்தேன். நான் கொடுத்ததில் பாதி விலைகூட அவர் சொல்லவில்லை. வயதை மறைத்து என் பணத்தை எடுத்துக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

ரூட்டர் கதை வேறு. பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருந்தது. 200 எம்பிபிஎஸ் லைனில் 94-ஐத் தாண்டவே இல்லை. கடையில் கேட்டால், "உங்க லைன்ல பிரச்சினை சார்". இணைப்புக் கொடுத்தவர் வந்து கீழே ஃபைபர் பெட்டியில் நேராக லேப்டாப்பைச் செருகிக் காட்டினார், 200 முழுதாக வந்தது. அந்த 1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிச் சொல்வது. ரூட்டரின் பின்னால் இருக்கும் துளைகளோ 100 எம்பிபிஎஸ் வகை. துளை வழியாக வருவதே நூறுதான் என்றால் வைஃபை 1200 இருந்து என்ன பயன்? பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 10/100 என்று இருக்கிறது. நூறுக்கு மேல் பிளான் வைத்திருப்பவர்கள் 10/100/1000 அல்லது கிகாபிட் போர்ட் என்று இருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

சரி என்று கிகாபிட் ரூட்டர் ஒன்று வேறு இடத்தில் வாங்கி மாட்டினேன். அப்போதும் அதே 94.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து கேபிளின் முனையை வெட்டினார். ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "இது காப்பர் இல்லண்ணா. அலுமினியம், மேல காப்பர் பூச்சு" என்று என் கையில் கொடுத்தார். மூன்று முறை வளைத்ததும் ஒடிந்தது. நல்ல கேட் 6 கேபிளில் உள்ளே முழுச் செம்பு இருக்க வேண்டும். மாடிச் சுவர் ஓரம் வளைத்து அடித்த இடத்தில் ஒரு கம்பி உள்ளேயே அறுந்திருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மற்ற இரண்டில் ஒரு ஜோடி போனால் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். இணையம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மீட்டர் கணக்கில் கேபிள் வாங்கினால் கடையிலேயே முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு ஆற்காட்டிலிருந்து மச்சானை வரச் சொன்னேன். அவன் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறான். எஸ்டிமேட் தாளைப் பார்த்ததுமே, "மாமா, இதை வச்சு உங்களுக்கு இந்த லேப்டாப்பை நான் விக்கவே இல்லன்னு அவன் சொல்லிடலாம்" என்றான். சரியான பில் என்றால் 15 எழுத்தும் எண்ணுமாக ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடைக்கு அது 33-ல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகவே தெரியும் என்று சொன்னான்.

இருவரும் கடைக்குப் போனோம். "நான் புதுசுன்னு சொல்லவே இல்லையே சார், ஓப்பன் பாக்ஸ்னுதானே சொன்னேன்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு, "லேப்டாப்பை விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல செக் பண்ணிச் சொல்றோம்" என்றார். நான் கொடுத்தே இருப்பேன், மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்தினான். கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் பொருளை விட்டு வந்தால் நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

என்னைக் காப்பாற்றியது வாங்குவதற்கு முந்தின நாள் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. 'நியூ பீஸ் ரெடி சார், 46.5 ஃபைனல்' என்று எழுதியிருந்தார். அதையும் போனில் பணம் போன விவரத்தையும் பேட்டரி ரிப்போர்ட்டையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். கடைக்கு ஒப்புகையோடு தபாலில், 15 நாளில் முழுப் பணமும் வேண்டும் என்று நோட்டீஸும் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. 25,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதி 21,500-க்கு இரண்டு முறை தேதி சொன்னார்கள், இரண்டும் போய்விட்டன. லேப்டாப்பை முழுப் பணமும் வந்த பிறகுதான் தருவேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ரூட்டருக்கும் கேபிளுக்கும் இதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இப்போது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

மகளுக்குக் கடன் வாங்கி வேறு லேப்டாப் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இந்த முறை பெட்டியை எங்கள் முன்னால் பிரித்தார்கள். பயாஸ், பெட்டி, அடிப்பக்கம், பில் என்று நான்கு இடத்திலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று மகள் வாய்விட்டுப் படிக்க, நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பத்து நிமிடம் ஆனது. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

மனுவோடு இணைக்க, பழைய லேப்டாப்பை வாங்கிய அன்று எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அடியில் இருந்த ஸ்டிக்கர் அன்றே அப்படித்தான் இருந்தது என்று இப்போது வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வாரம் யாராவது வாங்கப் போனால், பணம் கொடுப்பதற்கு முன்பு அந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.