செய்தி படித்து ஆங்கிலம் பழக: ஸ்டாரா, பிபிசியா, தரம் பிரித்த செய்தியா?

அக்கா மகள் படிவம் ஆறில் இருக்கிறாள், இந்த வருடம் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான மூயெட் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில் படித்த பிள்ளை. இலக்கணம் பரவாயில்லை, சொல்வளம்தான் போதவில்லை. எதை எழுதினாலும் 'குட்', 'பேட்', 'வெரி பிக்' என்று அதே நாலைந்து சொல்லையே சுற்றி வருகிறாள். நானும் அதே வழியில் வந்தவன்தான், பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீட்டிங்கில் சொல்ல வேண்டியது மனதில் தமிழில் தயாராக இருக்கும், ஆங்கிலச் சொல் வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அந்தத் தவிப்பு அவளுக்கு வரக்கூடாது என்று ஒரு வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம். செய்தி படி, ஆங்கிலம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்தச் செய்தி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் தரம் பிரித்த செய்திகள், அதாவது கற்பவரின் நிலைக்கேற்ப எளிதாக்கி எழுதியவை. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-லேயே இதைத் தொடங்கிவிட்டது. சுமார் 1500 அடிப்படைச் சொற்கள், சின்ன வாக்கியங்கள், வழக்கமான வேகத்தைவிட நிதானமான வாசிப்பு. 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் வேலைகளே முடக்கப்பட்டாலும் பழைய ஒலிப்பதிவுகள் இன்றைக்கும் பயிற்சிக்கு உதவும். 2004-ல் தொடங்கிய பிரேக்கிங் நியூஸ் இங்கிலீஷ் இணையதளம் இன்னொன்று, அதில் ஒரே செய்தி பல நிலைகளில் கிடைக்கும். பயந்த பிள்ளைக்கு இவை நல்ல தொடக்கம், ஒரு செய்தியை முழுதாகப் படித்து முடித்தோம் என்ற தெம்பு வரும். ஆனால் நாம் எந்தச் சொல்லைத் தேடிப் போகிறோமோ அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். ஆட்டம் மழையால் 'கால்ட் ஆஃப்' ஆனது என்று இருக்க வேண்டிய இடத்தில் எளிய வடிவில் 'ஸ்டாப்ட்' என்று இருந்தால், படித்தது புரியும், புதிதாக ஒன்றும் சேராது. அதனால் எளிய வடிவை மட்டும் படிக்காமல், அதே செய்தியின் கடினமான வடிவைப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் எங்கே மாறியிருக்கிறது என்று கோடு போடச் சொன்னேன். அப்படிச் செய்தால் பலன் உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் இதிலேயே நிற்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அடுத்து பிபிசி லேர்னிங் இங்கிலீஷ். 1943-லிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள், அந்த அனுபவம் தெரிகிறது. ஆறு நிமிட நிகழ்ச்சியில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பேசி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு முடிவில் விடை சொல்லி, வந்த சொற்களை மறுபடியும் நினைவூட்டுவார்கள். செய்தித் தலைப்புகளை வைத்து நடத்தும் இன்னொரு நிகழ்ச்சியில் ஒரே செய்திக்கு வெவ்வேறு ஊடகங்கள் போட்ட தலைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொற்றொடரை விளக்குவார்கள். காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்க்கவில்லை. 'கால்ட் ஆஃப்' என்று எழுதியிருப்பது பேச்சில் 'கால்டாஃப்' என்று ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கேட்காமல் படித்துக்கொண்டே இருந்தால் கேட்கும் தேர்வில் நிச்சயம் தடுமாறுவோம். குறை என்னவென்றால் செய்தி பெரும்பாலும் எங்கோ தூரத்து ஊரில் நடப்பது. பிரிட்டன் ரயில் வேலைநிறுத்தம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, விஷயமும் புதிது சொல்லும் புதிது என்றால் இரண்டுமே மனதில் நிற்பதில்லை.

சரி, இப்போது ஸ்டார். 1971-ல் நம் பினாங்கில் பிறந்த ஆங்கிலப் பத்திரிகை, அப்புறம்தான் நாடு முழுக்கப் போனது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் ஒரு பிரதி எப்போதும் கிடக்கும். நான் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: காலையில் மின்னல் எஃப்எம் செய்தி கேள், இல்லை மக்கள் ஓசை படி, அதே செய்தியை ஸ்டாரில் தேடு. என்ன நடந்தது என்பது தமிழில் ஏற்கெனவே தெரியும், ஆகவே கவனம் முழுக்கச் சொல்லின் மேல் இருக்கும், அகராதியைத் திறக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

தைப்பூசச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம், 2017-லிருந்து தங்க ரதம், பால்குடம், வழியெல்லாம் மலைபோல் குவிந்த தேங்காய், எல்லாம் அவள் சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்தது. ரதம் 'சாரியட்' என்றும், தேங்காயை 'பிரேக்' என்பதைவிட 'ஸ்மேஷ்' என்று சொல்வது பொருத்தம் என்றும், கூட்டம் சேர்ந்தது 'திரோங்ட்' என்றும் ஒரே பக்கத்தில் படித்தாள், ஒன்றும் மறக்கவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துவதை 'ஃபுல்ஃபில் தேர் வவ்ஸ்' என்று போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு பக்கத்தில் அமைச்சர் ஏதோ செய்ய 'வவ்ஸ்' என்று தலைப்பு வந்ததும் ஓடி வந்து, "மாமா, அமைச்சருக்கு என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்டாள். வேண்டுதலும் அதுதான், உறுதிமொழியும் அதுதான், தலைப்பில் 'பிராமிஸ்' நீளமாக இருப்பதால் இந்தச் சின்னச் சொல்லைப் போடுகிறார்கள் என்று சொன்னேன். அன்றோடு அந்தச் சொல் அவளுடையதாகிவிட்டது.

தண்ணீர்த் தடையும் அப்படித்தான். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, வாளி வாளியாகப் பிடித்து வைத்த வீட்டுக்கு 'ஸ்டாக் அப்' என்றால் என்ன, 'டேப்ஸ் ரன் டிரை' என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய செய்தியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், ஒரே மூச்சில் படித்தாள்.

நீதிமன்றச் செய்தியைப் பலர் தாண்டிப் போகிறார்கள், தாண்டாதீர்கள். அது அச்சில் வார்த்த மாதிரி ஒரே அமைப்பில் வரும்: 'சார்ஜ்ட் வித்' (குற்றம் சாட்டப்பட்டார்), 'ரிமாண்டட்' (காவலில் வைக்கப்பட்டார்), 'போஸ்டட் பெயில்' (ஜாமீன் கட்டினார்). பத்து செய்தி படித்தால் எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது தானாக வாயில் வந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. நம் தமிழ்ப் பத்திரிகைகள் 'குற்றத்தை மறுத்து விசாரணை கோரினார்' என்று எழுதுவதை இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகள் 'கிளெய்ம்ட் டிரையல்' என்று எழுதும். இந்தப் பக்கத்து நாடுகளில் இது சாதாரணம், பிரிட்டனில் 'பிளீடட் நாட் கில்டி' என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கச் சொன்னேன்.

தலைப்பு ஆங்கிலம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். 'நேப்' (கைது செய்), 'புரோப்' (விசாரணை), 'மல்' (யோசித்துப் பார்) போன்றவை இடம் குறைவாக இருப்பதால் தலைப்பில் வாழ்கிற சொற்கள். புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் மூயெட் மின்னஞ்சலில் 'போலீஸ் நேப்ட்' என்று எழுதினால் அந்த இடத்துக்கு அது ஒட்டாது, 'அரெஸ்டட்' போதும். அதனால்தான் தலைப்பைவிட முதல் இரண்டு பத்திகளை நிதானமாகப் படி என்கிறேன், அங்கேதான் அதே விஷயம் முழு வாக்கியத்தில் இருக்கும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் எங்களைப் போலத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு நான் உள்ளூர்ச் செய்தியைத்தான் கைகாட்டுவேன், தயங்காமல். இரண்டு முடியும் என்றால் பஸ்ஸில் போகும்போது பிபிசியின் ஆறு நிமிடம். தரம் பிரித்த செய்தி, படிவம் ஒன்றுக்கு முந்தைய புகுமுக வகுப்பிலோ படிவம் ஒன்றிலோ இருக்கிற தம்பி தங்கைகளுக்கு.

எந்த வழியானாலும் நோட்டில் தனிச்சொல் எழுத வேண்டாம். 'வவ்' என்று எழுதிப் பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும், 'ஃபுல்ஃபில் எ வவ்' என்று கூட வருகிற சொல்லோடு எழுதி, அதன் கீழே தன் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதினால் நிற்கும். போன வாரம் அவள் நோட்டைப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குக் கீழே, பாட்டி தன் முட்டிவலி குறைந்ததற்குப் பால்குடம் எடுத்த கதையை நாலு வரியில் எழுதியிருக்கிறாள், அதில் ஒரு 'குட்'கூட இல்லை.