ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: வேலைக்குப் போய்க்கொண்டே லெவல் ஏற்றுவது எப்படி?

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் ஒரு ஸ்கில்லை, அதாவது மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது போன்ற ஒரு திறனை, 99ஆம் லெவலுக்குக் கொண்டுபோக 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். அதில் சரிபாதி, 92ஆம் லெவலைத் தொடும்போதுதான் சேர்ந்திருக்கும். 98இலிருந்து 99க்கு ஏறும் ஒரே ஒரு படிக்கு மட்டும் 12,28,825 எக்ஸ்பி ஆகிறது. 1இலிருந்து 75 வரை ஏறுவதற்கு ஆகும் மொத்தத்தைவிட இது கூடுதல். ஆனால் 70ஆம் லெவலுக்கு 7,37,627 எக்ஸ்பி போதும், 99க்கான மொத்தத்தில் அது ஆறு சதவீதம்கூட இல்லை. நல்ல குவெஸ்ட்டுகளிலும் (கதையோடு வரும் பணிகள்) ஆயுதங்களிலும் பெரும்பகுதி 70ஐ ஒட்டியே திறந்துவிடுவதால், எல்லா ஸ்கில்லையும் 70க்குக் கொண்டுவருவது ஒரு வேலை, ஒன்றை மட்டும் 99 வரை இழுத்துச் செல்வது முற்றிலும் வேறொரு வேலை என்று முதலிலேயே பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றி.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன். 2007ஆம் ஆண்டின் ரூன்ஸ்கேப்பை அடிப்படையாக வைத்து 2013 பிப்ரவரியில் ஜாகெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த விளையாட்டு, 2018 அக்டோபர் 30 அன்று போனுக்கும் வந்தது. கணினியில் இருக்கும் அதே கேரக்டரை, அதே கணக்கில், போனிலும் விளையாடலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்கு மிகப் பெரிய வசதி. காலையில் கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது விட்ட இடத்திலிருந்து, இரவு வீட்டுக் கணினியில் தொடர முடிகிறது. வீட்டில் கரண்ட் போய்விட்டால் மறுபடியும் போனுக்கு மாறிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு சர்வரோடு இங்கிருந்து விளையாடினால் தாமதம் இருக்காதா என்று பலர் கேட்கிறார்கள். தாமதம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான வேலைகளில் அது உறைப்பதில்லை. இந்த விளையாட்டு 0.6 வினாடிக்கு ஒரு டிக் என்ற கணக்கில் இயங்குகிறது. நாம் கொடுக்கும் கட்டளை அடுத்த டிக்கில்தான் நடக்கும். ஆகையால் பிங், அதாவது கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 200 மில்லி வினாடியைத் தொட்டாலும் மரம் வெட்டுவதிலோ சாதாரணச் சண்டையிலோ எக்ஸ்பி குறைவதில்லை. டிக் பிசகாமல் தட்ட வேண்டிய கடினமான பாஸ் (பெரிய எதிரி) சண்டைகளில் மட்டுமே அது தெரியும். வேகமான இணைப்பு இல்லையே என்று இந்த விளையாட்டை ஒதுக்க வேண்டியதில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

லெவல் ஏற்றும் வழிகாட்டிகள் எல்லாமே ‘ஒரு மணி நேரத்துக்கு இத்தனை எக்ஸ்பி’ என்ற பட்டியலோடு தொடங்குகின்றன. அந்தப் பட்டியலில் மேலே இருக்கும் முறைகள் எல்லாம், கண்ணையும் கையையும் முழுதாக அங்கேயே வைத்திருப்பவருக்கான கணக்கு. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் அப்படித்தான் விளையாடுவான், ஒரு நாள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இப்படி வில்லோ மரத்தையே வெட்டிக்கிட்டு இருந்தா எப்பம்தான் லெவல் ஏறும்?” என்று கேட்டான். அவன் சொல்லும் முறையில் மணிக்கு எக்ஸ்பி அதிகம் என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு மணி நேரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். மாறாக, அரைக் கவனத்தில் செய்யக்கூடிய நேரம் ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. வேலைக்குப் போகிறவர் மணிக்கணக்கை விட்டுவிட்டு வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கில்லும் எவ்வளவு கவனம் கேட்கிறது என்று பார்த்து, தன்னிடம் இருக்கும் நேரங்களோடு அதைப் பொருத்த வேண்டும். நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிப்பது இந்த ஒரு விதியைத்தான்.

தொடக்க லெவல்களைப் பொறுத்தவரை குவெஸ்ட்டை மிஞ்சிய வழி இல்லை. தாழ்ந்த லெவலில் எந்த வேலையைச் செய்தாலும் எக்ஸ்பி சொற்பமாகவே வரும்; குவெஸ்ட் தரும் பரிசோ நாம் எந்த லெவலில் இருந்தாலும் மாறாது. ஆகவே அதை எவ்வளவு முன்னதாகச் செய்கிறோமோ அவ்வளவு நேரம் மிச்சம். கட்டணமில்லாத பகுதியிலேயே இருக்கும் ‘தி நைட்ஸ் சோர்டு’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதற்கு மைனிங் 10 மட்டும் இருந்தால் போதும். போர்ட் சாரிமுக்குத் தெற்கே இருக்கும் துர்கோ என்ற குள்ளக் கொல்லருக்கு அவர் மிகவும் விரும்பும் ரெட்பெரி பை (pie) என்ற பலகாரத்தைக் கொடுத்தால்தான் அவர் பேசவே தொடங்குவார். பிறகு பக்கத்துப் பனிக்குகைக்குள் ஐஸ் ஜயன்ட்டுகளைத் தாண்டி ஓடிப்போய் புளூரைட் தாதை வெட்டிக்கொண்டு வந்து, இரண்டு இரும்புக் கட்டிகளோடு அவரிடம் கொடுக்க வேண்டும். ஓடும் எனர்ஜி முழுதாக இருக்கும்போது, சாப்பாட்டோடு குகைக்குள் போனால் சண்டையே போட வேண்டியிருக்காது. இதற்குக் கிடைப்பது 12,725 ஸ்மித்திங் எக்ஸ்பி. 1இல் இருந்த லெவல் நேராக 29க்குப் போய்விடுகிறது. ஒரு வெண்கலக் கட்டியை உருக்கினால் 6.2 எக்ஸ்பிதான் வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளை உருக்கும் வேலையை இந்த ஒரு குவெஸ்ட் மிச்சப்படுத்துகிறது.

கட்டணம் கட்டி மெம்பர்ஷிப் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது ‘வாட்டர்ஃபால் குவெஸ்ட்’. எந்த ஸ்கில்லும் தேவையில்லை. அட்டாக்கிலும் ஸ்ட்ரெங்த்திலும் தலா 13,750 எக்ஸ்பி தருவதால் இரண்டுமே 1இலிருந்து 30க்குத் தாவிவிடும். கிளாரியலின் கல்லறைக்குள் ஆயுதமும் கவசமும் கொண்டுபோக முடியாது என்பதால் அவற்றை முன்கூட்டியே பேங்கில் போட்டுவிட வேண்டும். அருவிக்குள் இருக்கும் ஃபயர் ஜயன்ட்டுகள் புதுக் கேரக்டரை இரண்டு மூன்று அடியில் வீழ்த்திவிடும் என்பதால் ஓரிடத்திலும் நிற்காமல் ஓட வேண்டும். கடைசி அறையில் தூண்களில் வைப்பதற்குக் காற்று, நீர், மண் ரூன்கள் (மந்திரக் கற்கள்) ஒவ்வொன்றிலும் ஆறு வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். இதோடு ‘விட்ச்சஸ் ஹவுஸ்’ குவெஸ்ட்டையும் முடித்தால் 6,325 ஹிட்பாயின்ட்ஸ் (உயிர்ப் புள்ளி) எக்ஸ்பி கிடைக்கிறது. ரயிலில் இவற்றைத் தொட வேண்டாம், ஒரு மாலையை ஒதுக்கி வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள்.

ரயிலுக்கு ஏற்றது மரமும் மீனும். நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இன்னொரு கையின் கட்டைவிரல் மட்டுமே விளையாட மிச்சமிருக்கும். அதற்குள் அடங்குகிற வேலை இவைதான். டிரேய்னர் ஊரில் பேங்குக்கு மிக அருகிலேயே வில்லோ மரங்கள் இருக்கின்றன. 30ஆம் லெவலில் வெட்டத் தொடங்கலாம், கட்டைக்கு 67.5 எக்ஸ்பி. பொருள்களைச் சுமக்கும் இன்வென்டரியின் 28 இடமும் நிறைந்தால் 1,890 எக்ஸ்பி. காசு வேண்டுமென்றால் பேங்கில் போடலாம், லெவல் மட்டும் போதும் என்றால் கீழே போட்டுவிட்டு அங்கேயே தொடரலாம். போனில் ஒரே தட்டில் பொருளைக் கீழே போடும் வசதியை செட்டிங்ஸில் இயக்கிவைத்தால், கட்டைவிரலை வரிசையாக இழுத்துக்கொண்டே தட்டி, இன்வென்டரியைச் சில வினாடிகளில் காலி செய்துவிடலாம். 60ஆம் லெவல் வந்ததும் யூ மரத்துக்கு ஓடுகிறவர்கள் அதிகம். யூ கட்டைக்கு 175 எக்ஸ்பி என்பது பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு கட்டை விழுவதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகமாகக் கூடிவிடுவதால் எக்ஸ்பிக்கு வில்லோவே மேல். யூ என்பது காசுக்கான மரம். மீனில் பார்பேரியன் வில்லேஜ் ஆற்றில் ஃபிளை ஃபிஷிங் எனக்குப் பிடித்தது: 20ஆம் லெவலில் டிரவுட்டுக்கு 50, 30இல் சால்மனுக்கு 70 எக்ஸ்பி, இரை வெறும் இறகு.

சண்டைப் பயிற்சிக்கு மெம்பர் பகுதியில் ஹோசிடியஸ் கடற்கரையின் சாண்டு கிராபுகள் இருக்கின்றன. பாறை போலப் படுத்திருந்து, பக்கத்தில் போனதும் தானாக வந்து தாக்கும். ஹிட்பாயின்ட் 60, ஆனால் அதன் ஓர் அடியில் நமக்கு ஒரு புள்ளிக்கு மேல் குறையாது. ஒரு டேமேஜுக்கு 4 எக்ஸ்பி என்ற கணக்கில் ஒரு நண்டுக்கு 240, அதோடு ஹிட்பாயின்ட்ஸில் ஏறத்தாழ 80. பத்து நிமிடம் ஆனதும் அவை தாக்குவதை நிறுத்திவிடும். சற்றுத் தூரம் ஓடிப்போய்த் திரும்பி வந்தால் மறுபடி தொடங்கும். வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் ஒருமுறை ஓடிவந்துவிடுவேன். அட்டாக்கை 40க்குக் கொண்டுவந்து ரூன் சிமிட்டர் வாளைப் பிடித்தபின் ஸ்ட்ரெங்த்தை முன்னே தள்ளுங்கள்; அடி கனமாக விழும்போது மற்ற எல்லாமே சீக்கிரம் ஏறும்.

இவை எல்லாவற்றையும்விட, வேலைக்குப் போகிறவருக்கென்றே அமைந்த ஸ்கில் ஃபார்மிங்தான் என்பது என் உறுதியான கருத்து. நாம் லாகவுட் ஆகியிருந்தாலும் பயிர் வளர்ந்துகொண்டேயிருக்கும். லம்பிரிட்ஜ், வாராக், ஃபலடோர், டேவர்லி, நோம் ஸ்ட்ராங்ஹோல்டு ஆகிய ஐந்து இடங்களில் மரப் பாத்திகள் உண்டு. மேஜிக் 37 இருந்தால் முதல் மூன்றுக்கும் டெலிபோர்ட் மந்திரத்தில் நொடியில் போய்விடலாம். 15இல் ஓக், 30இல் வில்லோ, 45இல் மேப்பிள், 60இல் யூ, 75இல் மேஜிக் மரம். தொட்டி மண்ணில் விதையைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கன்றாக்கி, பாத்தியில் நட்டபின், அருகில் நிற்கும் தோட்டக்காரரிடம் கூலி கொடுத்தால் அந்த மரம் நோயில் சாகாது. ஓக்குக்கு ஒரு கூடைத் தக்காளி, வில்லோவுக்கு ஒரு கூடை ஆப்பிள், மேப்பிளுக்கு ஒரு கூடை ஆரஞ்சு, யூவுக்குப் பத்துக் கள்ளி முள், மேஜிக் மரத்துக்கு இருபத்தைந்து தேங்காய். யூ வளர 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இரவு படுக்கும் முன் நட்டால் காலையில் ரயில் ஏறுவதற்குள் தயார். வளர்ந்த மரத்தை ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்கே 7,069 எக்ஸ்பிக்கு மேல் கிடைக்கிறது. அதன்பின் தோட்டக்காரருக்கு 200 காசு கொடுத்தால் அவரே மரத்தை அகற்றிப் பாத்தியைக் காலி செய்துவிடுவார். ஐந்து பாத்தியும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 35,000க்கும் மேல் வருவதால், 60இலிருந்து 75க்கு முப்பது சுற்றுக்குள் போய்விடலாம். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. மணிக்கணக்கில் போட்டால் இந்த ஸ்கில்லின் பக்கத்தில் வேறு எதுவும் வராது, கன்றுகளுக்குக் காசு மட்டும் செலவாகும்.

வளர்ந்த மரம் நமக்காக எத்தனை நாளானாலும் காத்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பெய்த பெருமழைக்குப் பின், இந்தப் பக்கம் பல வீடுகளில் கரண்டும் சிக்னலும் இல்லாத நாட்களில் விளையாட்டைப் பற்றி யாரும் நினைத்திருக்க முடியாது. எல்லாம் சீரானபின் உள்ளே வந்து பார்த்தபோது நட்ட மரங்கள் அப்படியே நின்றன, கேரக்டர் எதையும் இழக்கவில்லை. தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு, வராவிட்டால் பின்தங்கல் என்ற கட்டாயம் லெவல் ஏற்றுவதில் இல்லாததை நான் மிகவும் மதிக்கிறேன்.

எஜிலிட்டியும் (ஓடித் தாவுவது) ரூன்கிராஃப்ட்டும்தான் (ரூன்கள் செய்வது) அரைக் கவனத்துக்கு அடங்காதவை. கூரைகளின் மேல் ஓடும் எஜிலிட்டிக்குச் சில வினாடிக்கு ஒருமுறை சரியான இடத்தைத் தட்ட வேண்டும். ஆடும் ரயிலில் அது நடக்காது. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, 40இலிருந்து 60 வரை கேனிஃபிஸ் கூரையிலேயே ஓடி, அங்கே கிடைக்கும் மார்க் ஆஃப் கிரேஸ் என்ற வில்லைகளை 260 சேர்த்து கிரேஸ்ஃபுல் உடையை வாங்கிவிடுங்கள். ஓடும் எனர்ஜி சீக்கிரம் திரும்புவதால் மேலே சொன்ன மரச் சுற்று உட்பட எல்லா நடையும் குறைகிறது.

மெம்பர்ஷிப்புக்குக் காசு கட்டத் தயங்குகிறவர்கள் குவெஸ்ட், வில்லோ, மீன் ஆகியவற்றைக் கட்டணமில்லாமல் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விளையாட்டுக்குள் சேர்த்த தங்கத்தைக் கொடுத்து பாண்டு என்ற மெம்பர்ஷிப் சீட்டை வாங்கினால் 14 நாள் மெம்பர்ஷிப் கிடைக்கும். ஆனால் தொடக்க நிலையில் அந்தத் தங்கத்தைச் சேர்ப்பதற்கே இருக்கும் நேரமெல்லாம் போய்விடும் என்பதால், முதல் மாதத்துக்குக் கையிலிருந்து கட்டுவதே லாபம். தானாகத் தட்டும் மென்பொருளை மட்டும் போனிலோ கணினியிலோ வைத்துக்கொள்ள வேண்டாம். அது விதிமீறல், கணக்கே முடக்கப்படும். உள்ளே நுழையும்போது இன்னொரு குறியீடும் கேட்கும் ஆத்தென்டிகேட்டரை முதல் நாளே போட்டுவிடுங்கள், பாஸ்வேர்டை வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்தாதீர்கள். அதன்பின் ஃபலடோர் கோட்டை முற்றத்தில் நிற்கும் பணியாளிடம் போய் ‘நைட்ஸ் சோர்டு’ குவெஸ்ட்டைத் தொடங்கிவிடலாம்.