படபடப்புக்குப் பயந்து சிரப்பா? குழந்தைகளுக்கான ஸ்பேசர் எப்படி?

"பம்பு அடிச்சா பிள்ளைக்கு நெஞ்சு படபடங்குது, சிரப்பே குடுங்க" என்று, இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் அடிக்கும்போது அப்பத்தாமார் சொல்வது செட்டிநாட்டு வீடுகளில் சகஜம். ஆனால் மருந்தின் அளவைப் பார்த்தால் பயப்பட வேண்டியது சிரப்புக்குத்தான். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு பம்புக்கு 100 தான். சிரப் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. வழியில் இதயத்தைத் தூண்டும், கை நடுங்கும்.

இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசர் இருந்தால் மருந்து தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போவது வெகுவாகக் குறையும். காரைக்குடி மெடிக்கல்களில் இன்ஹேலர் வாங்கும்போதே மாஸ்க்கோடு கேட்டு வாங்குங்கள். நாலு வயதுக்குக் கீழே மாஸ்க் கட்டாயம். அது மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தாலோ, பிள்ளை அழுதாலோ பாதி மருந்து வீண்.

நன்றாகக் குலுக்கி, ஒரு பம்பு. வால்வு அசைவதைப் பார்த்தபடி ஐந்தாறு மூச்சு. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிவிடும். துணியால் துடைத்தாலும் இதே கதிதான்: பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாக உலர விடுங்கள். புது ஸ்பேசரையும் முதலில் இப்படிக் கழுவ வேண்டும்.

இவ்வளவு செய்தும் லேசான படபடப்பு வரலாம். மருந்தின் வேகம் குறையக் குறைய அடங்கிவிடும். இளைப்பு கடுமையாகி ஆக்சிஜன் குறைந்தாலும் துடிப்பு ஏறும் என்பதால், அந்தப் படபடப்புக்குப் பயந்து மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சால்பியூட்டமாலின் இன்னொரு வடிவமான லெவோசால்பியூட்டமாலுக்கு மாற்றினால் படபடப்பே வராது என்பதும் சரியில்லை, வித்தியாசம் சொற்பம்.

உண்மையில் உஷாராக இருக்க வேண்டியது பழைய மருந்துச்சீட்டில் இளைப்புக்கு எழுதியிருக்கும் தியோஃபிலின் மருந்துகளிடம். எரித்ரோமைசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ (இரண்டும் ஆன்டிபயாடிக்) கூடச் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சளி, காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனால் இதை மறக்காமல் சொல்லுங்கள். பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புதுவயல் அரிசி ஆலைத் தூசியோ, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை விசேஷத்துக்குத் திறக்கும்போது கிளம்பும் தூசியோ பட்டு, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பம்பு தேவைப்பட்டால் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட தடுப்பு மருந்தான புடெசொனைடு இன்ஹேலர் இதயத் துடிப்பை ஏற்றாது. அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், அவ்வளவுதான். பம்பு அடித்தும் விலா உள்ளிழுத்தால், பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108.