ஆடி மாதத்தில் திமிங்கலம் காட்டுகிறேன் என்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகிறீர்கள், பயணத் திட்டத்தில் ‘மிரிஸ்ஸ, திமிங்கலம் பார்த்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது (மிரிஸ்ஸ தென்கரையில் இருக்கும் ஊர்) என்றால், அதற்குக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் காசைக் கொடுத்த பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன்.

நான், மனைவி, அப்பா, அம்மா. போன ஜூலை கடைசி வாரம், எட்டு நாள் பயணம். கார், ஓட்டுநர், அறைகள், சுற்றிப் பார்க்கும் இடங்கள் எல்லாம் சேர்த்து ஒரே ஆளிடம் பேசி முடித்தோம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் வாட்ஸ்அப்பில் கிடைத்த ஓட்டுநர். வழிகாட்டியும் நானே என்றார். தமிழ் நன்றாகப் பேசினார். அதுதான் எங்களைக் கவிழ்த்தது. வெளிநாட்டில் ஒருவர் நம் பாஷையில் ‘அண்ணா’ என்று கூப்பிட்டுவிட்டால் பாதிக் கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. மற்றவர்கள் சொன்னதைவிட விலையும் குறைவு. ஆடித் தள்ளுபடி என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்பா மட்டும் அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. இவன் நம்மள கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கறானேடா?"

ஓட்டுநரிடம் கேட்டேன். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணா, வருசம் முழுக்கப் படகு ஓடும்" என்றார். இலங்கைத் தமிழில் யோசிக்காதீங்க என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். நான் நம்மூர் அர்த்தத்திலேயே அதற்குக் கீழ்ப்படிந்தேன். ஆளுக்கு 50 டாலர், நான்கு பேருக்கு 200 டாலர், படகில் இடம் பிடிக்க வேண்டும் என்று முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்துக்குக் காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துப் போன இடத்தில் நாய்கள்தான் இருந்தன. இரண்டு அடுக்குப் பெரிய படகுகள் தார்ப்பாய் போர்த்திக் கட்டிக் கிடந்தன. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி வெள்ளையாகத் தண்ணீர் எழும்புவது இருட்டிலும் தெரிந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் பேசிய சிங்களம் எங்களுக்குப் புரியவில்லை. கடலைக் காட்டினார், தலையை இடமும் வலமுமாக அசைத்தார். அது புரிந்தது.

ஓட்டுநர் அசரவில்லை. யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் பக்கத்துக் கரையிலிருந்து வேறொரு படகு ஏற்பாடாகிவிட்டது. பெரிய படகு இல்லை. மேலே துணிக்கூரை கட்டிய சிறிய கண்ணாடியிழைப் படகு. உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். என்னுடையதில் கொக்கி உடைந்திருந்ததால் கயிற்றால் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். டிக்கெட் என்று எதுவும் தரவில்லை. அப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் வரல, அம்மாவையும் விட மாட்டேன்" என்றார். நானும் மனைவியும் ஏறினோம். ஏன் ஏறினோம் என்று இன்றைக்கு வரைக்கும் அவளிடம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 200 டாலர் கொடுத்தாயிற்றே என்ற நினைப்பைத் தவிர வேறு காரணம் இல்லை.

நாற்பது நிமிடம். கரை மறைந்து மறைந்து தெரிந்தது. முதல் பத்து நிமிடத்தில் மனைவி வாந்தி எடுக்க ஆரம்பித்தாள், பிறகு நான். படகோட்டியின் உதவியாளராக வந்த பையன், பதினாறு வயதுகூட இருக்காது, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு அலை குறுக்கே அடித்துக் கூரைத்துணி கிழிந்த பிறகு அவர்களே படகைத் திருப்பிவிட்டார்கள். திமிங்கலம் கிடக்கட்டும், ஒரு கடற்பறவைகூட இல்லை.

கரையில் காசைத் திருப்பிக் கேட்டதற்கு ஓட்டுநர் சொன்ன பதிலைக் கவனியுங்கள். "இது இயற்கை அண்ணா. மிருகக்காட்சிச் சாலை இல்லையே. அது வராட்டி நான் என்ன செய்யிறது?"

இந்த மாதிரிச் சுற்றுலாவில் ஏமாற்றுவது இதனால்தான் சுலபம். யானை வரவில்லை, சிறுத்தை தெரியவில்லை, பனி மூடிவிட்டது, கடல் கொந்தளிக்கிறது என்று எதைச் சொன்னாலும் பழி இயற்கை மேல் விழுந்துவிடும். விற்ற ஆளுக்கு அந்த மாதத்தில் என்ன நடக்கும் என்று முன்பே தெரியும் என்பதை யாரும் கேட்பதில்லை.

ஊருக்கு வந்த பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன். தீவின் தென்கோடியான தெய்வேந்திரமுனைப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, குறுகலானது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடும், அதனால்தான் நீலத் திமிங்கலத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிகிறது. சரக்குக் கப்பல்கள் நெருக்கமாகப் போகும் வழியும் அதுவே. கப்பல் மோதித் திமிங்கலங்கள் சாவதால், பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. ஆக, திமிங்கலம் உண்டு என்பதில் பொய் இல்லை. ஆனால் மிரிஸ்ஸவில் அதற்கான காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் செப்டம்பர் வரை தெற்கும் மேற்கும் கொந்தளிப்புதான். அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஜூலையில் திமிங்கலம் பார்க்க வேண்டுமானால் திருகோணமலைக்குப் போக வேண்டும். பவளப்பாறைகளுக்கிடையே மூழ்கிப் பார்க்கிற புறாத்தீவும் அங்கேதான், நிலாவெளிக்கு எதிரே. அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கிழக்கே அறுகம்குடாவிலும் மார்கழி, தையில் தெற்கே வெலிகமவிலும் கூடுவதும் இதே கணக்கில்தான். சின்னத் தீவு, இரண்டு பருவக்காற்று, ஏதாவது ஒரு கரை எப்போதும் நன்றாக இருக்கும். எங்கள் ஆளுக்கு இது தெரியாதா? கிழக்குக்குப் போனால் அவருக்கு ஒரு நாள் எரிபொருள் கூடுதல், கமிஷன் கொடுக்கும் ஓட்டல்கள் எல்லாம் தெற்கே. அவ்வளவுதான்.

மாதத்தில் மட்டும் இல்லை, மணிக்கணக்கிலும் இதே வேலை நடந்தது என்பது பிறகுதான் உறைத்தது. நுவரெலியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். ‘உலக முடிவு’ என்று ஒரு செங்குத்துப் பள்ளம், காலடியில் தரை சட்டென்று 800 மீட்டருக்கு மேல் விழுகிறது. அங்கே போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புவார்கள்; ஒன்பது, பத்து மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவிடும். ஐந்து மணிக்குத் தயாராக இருங்கள் என்றவர் ஏழரைக்கு வந்தார். வழியில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு மணி நேரம் நிறுத்தினார். வாசலில் சோதனை செய்து, பிஸ்கட்டின் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலின் லேபிளையும் கிழித்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள் (நல்ல வழக்கம், நம் மலைகளுக்கும் வர வேண்டும்). நாங்கள் உள்ளே நடக்க ஆரம்பித்தபோது பத்தரை. உலக முடிவில் நின்றபோது எதிரே வெள்ளைச் சுவர். ஆடிக் காற்றில் விடிகாலையிலேயே போயிருந்தாலும் தெரிந்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்த வாய்ப்பையும் ஒரு தேயிலைப் பொட்டலத்துக்கு விற்றுவிட்டார். அம்மா அந்தத் தேயிலையில் இன்னும் டீ போடுகிறாள். நன்றாகவே இருக்கிறது, அது வேறு எரிச்சல்.

மாத்தளை மசாலாத் தோட்டத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். சுற்றிக் காட்டுவது இலவசம், கடைசியில் தைலக் கடை. உள்ளே போகாதீர்கள், அல்லது பர்ஸைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

படகில் பட்ட அடி காயும் முன்பே, அன்று மாலையே அடுத்தது. தங்கியிருந்த விடுதியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பதியோடு பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு சிகிரியா பாறைக்கோட்டையில் ஏறிய கதைக்கு வந்தது. ஆளுக்கு 35 டாலர் கொஞ்சம் அதிகம்தான் என்றேன். அவர் விழித்தார். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் சார்க் (தெற்காசிய) நாட்டவர் கட்டணம்தானே, ஏறக்குறைய பாதிதானே என்றார்.

சிகிரியாவில் நடந்தது அப்போதுதான் ஒழுங்காகப் புரிந்தது. ஓட்டுநர் எங்களிடம் 140 டாலர் வாங்கிக்கொண்டார். கூடவே நான்கு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். "நீங்க வெயில்ல நிக்க வேண்டாம், நான் வரிசையில நிக்கிறன்" என்றார். என்ன அக்கறை என்று அம்மா மெச்சிக்கொண்டாள். முழு வெளிநாட்டுக் கட்டணத்துக்குப் பாஸ்போர்ட் எதற்கு? அது சார்க் கட்டணத்துக்கு மட்டும்தான் வேண்டும். டிக்கெட்டுகளை வாசலில் காட்டிவிட்டு அவரே பையில் போட்டுக்கொண்டார். பழைய தலைநகரான பொலன்னறுவையிலும் அப்படித்தான். கவுண்டருக்கு மேலேயே கட்டணப் பலகை இருக்கும், நாங்கள் கவுண்டர் பக்கமே போகவில்லை.

ஆகையால் இந்தியாவிலிருந்து போகிறவர்கள் டிக்கெட் கவுண்டருக்கு நீங்களே பாஸ்போர்ட்டோடு போங்கள். காசு நீங்களே கொடுங்கள். டிக்கெட் உங்கள் பையில் இருக்கட்டும். வழிகாட்டி என்று சொல்கிறவரிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் ஆள் "வீட்டில இருக்கு" என்றார், நான் ஏழாம் நாள்தான் கேட்டேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் இலங்கையே இப்படித்தான் என்று நினைத்துவிடுவீர்கள். ஹபரணையில் யானை பார்க்க ஜீப் எடுத்தோம். மின்னேரியா தேசியப் பூங்கா என்றுதான் பேசியிருந்தோம்; பக்கத்திலேயே கவுடுல்லை என்று இன்னொரு பூங்கா. ஜீப்காரர் கிளம்பும் முன்பே எங்களை நிறுத்தி, "இன்றைக்குக் கூட்டம் கவுடுல்லையில் இருக்கிறது, மின்னேரியாவுக்கே போக வேண்டுமென்றால் போகலாம், ஆனால் ஏழெட்டுதான் பார்ப்பீர்கள்" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். காசு இரண்டுக்கும் ஒன்றுதான். குளக்கரையில் குட்டியும் தாயுமாக எண்ணி மாளாத யானைகள். அப்பா மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஓட்டுநருக்கும் அந்த ஜீப்காரருக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்: இன்றைக்கு எங்கே, எது இருக்கும் என்பதை அவர் காசு வாங்கும் முன்பே சொன்னார்.

கடைசி நாள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கணக்கை எடுத்தேன். முதலில் மறுத்தார். பிறகு கவுண்டரில் தவறு நடந்திருக்கும் என்றார். சுற்றுலாத் துறையின் 1912 எண்ணைப் போனில் அழுத்தி அவர் பார்க்கும்படி வைத்தேன். அழைக்கவில்லை, திரையைக் காட்டினேன், அவ்வளவுதான். டிக்கெட் வித்தியாசத்தில் 50 டாலருக்குச் சமமான தொகையை இலங்கை ரூபாயில் எண்ணிக் கொடுத்தார். திமிங்கலக் காசு வரவில்லை. படகுக்காரனுக்குக் கொடுத்தாயிற்று என்றார். அந்தப் படகுக்காரருக்கும் அந்தப் பையனுக்கும் அதில் என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். முன்பணம் கொடுத்ததற்கு என்னிடம் ரசீதும் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் இருக்கிறது.

கிளம்பும்போது அப்பா காரை விட்டு இறங்கி அவரிடம் கை கொடுத்தார். "தம்பி, அடுத்த தடவை ஐப்பசி தாண்டி வர்றோம்" என்றார். கிண்டலா, நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் அதே எண்ணிலிருந்து எனக்கும் இன்னும் பலருக்குமாக ஒரு விளம்பரம் வந்தது. அக்டோபர் முதல் வாரம், சிவனொளிபாத மலை இரவு ஏற்றம், வழி முழுக்க மின்விளக்கு, தேநீர்க் கடைகள், உச்சியில் சூரியோதயம், ஆளுக்கு இவ்வளவு, முன்பணம் பாதி. அந்த மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமியோடு முடிகிறது. மற்ற மாதங்களில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது, ஆயிரக்கணக்கான படிகளும் மழையும் அட்டைப்பூச்சியும்தான். "அக்டோபரில் அங்கே விளக்கு எரியுமா தம்பி?" என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இன்னும் பதில் இல்லை.