மல்லாந்தபடி ஏற்காடு: சாய்வு சைக்கிளுடன் மூன்று ஆண்டுகள்

இந்தச் சைக்கிளை வேட்டி கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றக் குறைகள் பின்னால் வரும். ஈசிசேரில் சாய்வது போலச் சாய்ந்து, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி, இடுப்பைவிட உயரத்தில் இருக்கும் பெடலை மிதித்து ஓட்டும் வண்டி இது. ரிகம்பென்ட் என்பார்கள். நான் சாய்வு சைக்கிள் என்கிறேன். எங்கள் தெரு அதற்குக் 'கட்டில் வண்டி' என்று பெயர் வைத்துவிட்டது.

மீட்டரில் 8,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பகுதி, நான் கணக்கெழுதும் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்வந்த தூரம். ஏற்காட்டுக்குப் பதினான்கு முறை கிளம்பி, ஒன்பது முறை மேலே போய்ச் சேர்ந்திருக்கிறேன். சேராமல் திரும்பிய ஐந்து பயணங்களில் கற்றதைத்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

வாங்கிய காரணம் எளியது. சாதாரண கியர் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போயின. மறுநாள் ஆலையில் பேனா பிடித்தால் எழுத்து கோணியது. உடம்பின் பாரம் கைப்பிடியில் இறங்கி, உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்றார் மருத்துவர். சைக்கிளை விடுங்கள், இல்லையென்றால் கையில் பாரம் விழாத சைக்கிளாகப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படி ஒன்று இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பெங்களூரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பழைய வண்டி கிடைத்தது. 17 கிலோ எடை, முன்னால் 20 அங்குலச் சக்கரம், பின்னால் 26 அங்குலம், மார்புக்கு நேரே கைப்பிடி. விரல் மரப்பு இரண்டு மாதத்தில் போய்விட்டது, திரும்பவும் வரவில்லை.

முப்பத்தைந்து வருடம் சைக்கிள் ஓட்டியவன் என்ற திமிர் இறங்க அரை மணி நேரம் போதுமாக இருந்தது. சேலத்தில் மூக்கனேரிப் பக்கம் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன், காலை ஐந்தரை மணிக்கு, முதல் நாள் ஏழு முறை விழுந்தேன். உயரம் குறைவு என்பதால் அடி படவில்லை. முழங்கையும் மானமும் சிராய்த்துக்கொண்டன. துணைக்கு வந்த அக்கா மகன், அப்போது எட்டாம் வகுப்பு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்கள் எழுந்து உட்காரப் பார்க்கிறீர்கள். படுங்கள்."

அவன் சொன்னதுதான் பாடம். சாதாரண சைக்கிளில் நம்மை அறியாமல் இடுப்பை அசைத்தே பாதிச் சமநிலையைப் பிடித்துக்கொள்கிறோம். இங்கே முதுகு இருக்கையோடு கிடக்கிறது. மிச்சமிருப்பது கைப்பிடி மட்டும். பயத்தில் முதுகைத் தூக்கிக் கைப்பிடியைப் பற்றி இழுத்தால், ஒவ்வொரு மிதிக்கும் முன்சக்கரம் இடமும் வலமும் வெட்டும். தோள்பட்டை இருக்கையில் பதிய வேண்டும், முழங்கை தளர வேண்டும், கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே சொந்தப் பாதங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்தால் விழுவது உறுதி. இரண்டு பாதங்களுக்கும் இடையில், இருபது மீட்டர் தள்ளி, சாலையைப் பார்க்க வேண்டும். நாலாவது நாள் நேராகப் போனேன். பத்தாவது நாள் ஒரு கையை விட்டு மூக்கைச் சொறிந்துகொண்டேன். அன்றுதான் வண்டி எனக்குச் சொந்தமானது.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆபத்து. பாதத்தைப் பெடலோடு வாரால் கட்டிக்கொள்ளாமல் வேகமாகப் போகாதீர்கள். கால் நழுவிச் சாலையில் பட்டால், முன்னே போகும் வண்டி அந்தக் காலைப் பின்னால் இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிவிடும். கற்கும் நாட்களில், நடக்கும் வேகத்தில், வார் இல்லாமல் ஓட்டலாம். அதற்குமேல் வார் கட்டாயம்.

இனி கியர். மேட்டில் கியர் தவறினால் சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று, உடம்பு எடையைப் போட்டு நாலு மிதி மிதித்துத் தப்பித்துவிடலாம். சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க வழியில்லை. முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்துத் தள்ள முடியும், ஆனால் அப்படித் தள்ளியதன் கணக்கை மறுநாள் முழங்கால் அனுப்பும். ஆகவே கியரைத் தவறவே விடக் கூடாது. சிக்னலில் நிற்பதற்கு முன்பே எளிதான கியருக்கு வந்துவிட வேண்டும். சங்கிலி ஓடும்போதுதான் கியர் மாறும், நின்றபின் மாறாது. ஒருமுறை ஐந்து ரோடு சந்திப்பில் பெரிய கியரிலேயே நின்றுவிட்டேன். பச்சை விழுந்தது. வண்டி அரை மீட்டர் நகர்ந்து சாய்ந்தது. இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றலாம் என்றால் பெடல் ஒரு கோடியில், சக்கரம் இன்னொரு கோடியில். பின்னால் ஹாரன் கச்சேரி. ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனேன்.

கணக்கெழுதுவது தொழில் என்பதால் கியரையும் பேரேட்டில் எழுதினேன். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்பதுதான் கணக்கு: முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, பின்சக்கரச் சுற்றளவால் பெருக்க வேண்டும். 26 அங்குலச் சக்கரத்துக்குச் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். வண்டி வந்தபோது முன்னால் 30, 42, 52 பல் வளையங்கள். பின்னால் 11 முதல் 32 வரை. மிக எளிதான கியரில் ஒரு சுற்றுக்கு 1.94 மீட்டர். அப்பாவின் பழைய சைக்கிளில் 44 பல்லும் 18 பல்லும். அதற்குச் சுமார் ஐந்தரை மீட்டர். அதோடு ஒப்பிட்டு, இதுவே தாராளம் என்று நினைத்தேன்.

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500க்குச் சற்று மேல். அடிவாரத்திலிருந்து மலைப்பாதை சுமார் 20 கிலோமீட்டர், அதில் கொண்டை ஊசி வளைவுகள் 20. சராசரியாக நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏற்றம். 1.94 மீட்டர் கியரில் முதல் தடவை ஐந்தாம் வளைவு, இரண்டாம் தடவை எட்டாம் வளைவு. இரண்டு முறையும் முட்டிக்கு மேலே, தொடையின் முன்பக்கம், கட்டை போல இறுகிவிட்டது. சாய்ந்து மிதிக்கும்போது வேலை செய்யும் தசைகள் வேறு. அவை தேற எனக்கு ஐந்தாறு மாதம் பிடித்தது. பெடல் தண்டும், அதாவது பெடல்களைத் தாங்கி முன்னால் நீளும் குழாயும், எனக்கு இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருந்திருக்கிறது. நீட்டியபின் முட்டி வலி பாதியாகக் குறைந்தது.

பிறகு முன்னால் 30 பல்லைக் கழற்றி 24 போட்டேன். பல் வளையங்களைத் தாங்கும் அந்தக் கிராங்கில் அதற்குக் கீழே போக இடமில்லை. பின்னால் 11 முதல் 34. இப்போது ஒரு சுற்றுக்கு 1.46 மீட்டர். 52 பல் வளையத்தையும் எடுத்துவிட்டேன். இவ்வளவு வித்தியாசத்துக்குத் தொங்கும் சங்கிலியை இழுத்துப் பிடிக்கப் பின் கியர் கைக்கு நீளம் போதாது. அந்த இடத்தில் பல்லில்லாத தகட்டு வளையம், கெண்டைக்காலில் மசி படாமல் இருக்க. 42க்கு 11 இருந்தாலே சமதளத்தில் மணிக்கு 38 கிலோமீட்டர் வரை மிதிக்கலாம். அதற்குமேல் எனக்கு எதற்கு?

இத்தனை செலவு செய்துவிட்டு மூன்றாம் முறை போனேன். மூன்றாம் வளைவில் விழுந்தேன். காரணம் வெட்கக்கேடானது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் புதிய கியரில் வேகம் மணிக்கு ஐந்தேகால் கிலோமீட்டர். ஏழுக்குக் கீழே எனக்கு வண்டியை நேராகப் பிடிக்கத் தெரியாது! கியரை மாற்றியது ஒரு நாள் வேலை; அந்த வேகத்தில் விழாமல் இருக்கக் கற்றது ஒரு மாத வேலை. தினமும் விடியலில் கன்னங்குறிச்சிச் சாலையின் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல், மீட்டரில் ஐந்து என்று காட்டும் வேகத்தில், பால்காரர்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் என்னைத் தாண்டிப் போக, ஊர்ந்தேன். "என்ன அண்ணா, காற்று இறங்கிவிட்டதா?" என்று கேட்காதவர் இல்லை. இந்த வண்டியை வாங்குபவர்கள் வேகத்தை அல்ல, மெதுவைத்தான் பழக வேண்டும். என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

வளைவுகளில் இன்னொரு சங்கடம். முன்சக்கரத்தை அதிகம் திருப்பினால் குதிகால் டயரில் உரசும். சமதளத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பலாம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நிற்கும். ஆகவே உள்வட்டத்தை எடுக்கவே கூடாது. அங்கேதான் ஏற்றமும் செங்குத்து. வளைவுக்குப் பதினைந்து மீட்டர் முன்பே கடைசிக் கியருக்கு இறங்கி, கண்ணாடியில் பின்னால் பஸ் இல்லை என்று பார்த்து, அகன்ற வட்டமாக எடுக்க வேண்டும். பஸ் இருந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுவேன். அதில் கௌரவம் பார்ப்பதில்லை. முதல் தடவை முழுதாக ஏறியபோது நிற்கும் நேரமும் சேர்த்து மூன்று மணி நாற்பது நிமிடம். இப்போது மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஏற்காட்டு ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது கழுத்து, கை, இடுப்பு எதுவும் வலிப்பதில்லை. தொடை மட்டும் நடுங்கும். மே மாதக் கோடை விழா நாட்களில் அந்தப் பக்கமே போவதில்லை.

மீதித் தோல்விகளில் ஒன்று மழை. இன்னொன்று குரங்கு. பை இருக்கையின் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது, ஓட்டுபவருக்குத் தெரியாது. மூச்சு வாங்கச் சாய்ந்தபடியே ஓரமாக நின்றிருந்தேன். கண்ணாடியில் ஒரு சின்னக் கை ஜிப்பைப் பிடித்து, நிதானமாக, பல் பல்லாக இழுப்பது தெரிந்தது. வாரிலிருந்து காலை உருவி நான் எழுவதற்குள் தட்டுவடைப் பொட்டலம், குளுக்கோஸ், பஞ்சர் ஒட்டும் டப்பா மூன்றும் மரத்தின் மேல். தட்டுவடையைத் தின்றுவிட்டு டப்பாவைக் கீழே போட்டது. பசைக் குழாயைக் கடித்துப் பிதுக்கியபின்.

இறக்கம் சுகம்தான். எவ்வளவு பிரேக் பிடித்தாலும் தலைகுப்புற விழும் பயமில்லை. ஆனால் எனக்கு ரிம்மைப் பிடிக்கும் பிரேக். சின்னச் சக்கரத்தின் ரிம் சீக்கிரம் சூடேறும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆற விடுகிறேன்.

சமதளத்தில், குறிப்பாக ஓமலூர் சாலையில் எதிர்க்காற்று அடிக்கும் காலையில், இந்த வண்டி தன் குலத்தைக் காட்டும். உடம்பு படுத்திருப்பதால் காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு குறைவு. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், ஷார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். 1914 முதல் ஆஸ்கர் எக் வைத்திருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை போயிற்று. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் சைக்கிள் என்றால் என்ன என்று புது வரையறை எழுதி, இந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஃபோர் ஓட்டியது வழவழப்பான ஓடுகளம். சேலத்து வேகத்தடைகள் மேல் அவர் போயிருந்தால் முதுகைப் பிடித்துக்கொண்டிருப்பார். இருக்கையிலிருந்து எழ முடியாததால் ஒவ்வொரு வேகத்தடையும் நேராகத் தண்டுவடத்துக்கே போய்ச் சேருகிறது. முன்னால் அகலமான டயர் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தபின் பரவாயில்லை.

வெயில் இன்னொரு கதை. சித்திரை மாதத்து உச்சி வெயிலை முகத்தால் ஏந்திக்கொண்டு போகிற வண்டி இது. நீண்ட மறைப்புள்ள தொப்பி இல்லாமல் பத்து மணிக்குமேல் கிளம்புவதில்லை. நாய்கள் என் முகத்துக்கு நேரே முகம் வைத்துக் குரைக்கின்றன. லாரி ஓட்டுநர்களின் கண்ணில் பட, பின்னால் கம்பு நட்டு ஆரஞ்சு நிறக் கொடி. அந்தக் கொடியைப் பார்த்து, எந்தக் கட்சி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 'காலுக்கு என்ன ஆயிற்று ஐயா?' என்று கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

பராமரிப்பில் சங்கிலிதான் எல்லாம். ஒரு சைக்கிள் சங்கிலி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். இதற்கு இரண்டரைச் சங்கிலி வேண்டும். நீளம் அதிகம் என்பதால் தேய்மானம் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது. இந்த மூன்று ஆண்டில் ஒரே முறைதான் மாற்றினேன். இருக்கைக்கு அடியில் சங்கிலியைத் திருப்பிவிடும் பற்சக்கரம் முழு இழுவையையும் தாங்குகிறது. அதன் பேரிங் கிறீச்சிடத் தொடங்கியபோது, எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும் 608 எண் பேரிங் கச்சிதமாகப் பொருந்தியது. சங்கிலி ஓடும் பிளாஸ்டிக் குழாய் தேய்ந்தபோது, செவ்வாய்ப்பேட்டையில் 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காற்றுக் குழாய் ஒரு மீட்டர் வாங்கினேன். முனை புனல் போல் விரியாவிட்டால் சங்கிலி குழாயைச் சீவிவிடும். மெழுகுவத்தியில் முனையை இளக்கி, அக்கா மகனின் பழைய பம்பரத்தை அதற்குள் அழுத்தி, ஆறும்வரை பிடித்தேன். கடையில் விற்கும் குழாயைவிட நன்றாகவே இருக்கிறது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இந்த வண்டி வேண்டாம். பாதி தூரம் பஸ்ஸில் ஏற்றிப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் வேண்டாம். கை மரப்பவர்கள், கழுத்து வலிப்பவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த ஒருமுறை என்பது பத்து நாளாக இருக்கட்டும்.

'படுங்கள் மாமா' என்ற பையன் இப்போது என்னைவிட உயரம். போன மாதம் அவனும் ஓட்ட வேண்டும் என்றான். அவன் காலுக்குப் பெடல் தண்டை ஐந்து சென்டிமீட்டர் நீட்ட வேண்டியிருந்தது. ஐந்து நீட்டினால் போகவும் வரவுமாகப் பத்து சென்டிமீட்டர் சங்கிலி கேட்கும். மூன்றாவது சங்கிலியில் மிஞ்சிய பாதி, எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் இருந்தது. அதிலிருந்து நான்கு அங்குலம் வெட்டிக் கொடுத்தேன்.