கொழிஞ்சாம்பாறைப் பட்டறையின் கோழிக்கூண்டும் இன்குபேட்டரும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தீவனச் செலவைக் காட்டிலும் பெரிய கவலை கீரியும் வெருகு என்னும் காட்டுப்பூனையும்தான். பகலில் கீரியும் வைரி என்ற வேட்டைப்பறவையும் காக்கையும் சாரைப்பாம்பும் குஞ்சுகளைத் தூக்குகின்றன. இருட்டிய பின் மரநாய், வெருகு, தெருநாய் என்று முறை வைத்து வருகின்றன. இவற்றுக்கு ஈடு கொடுக்கும் கூண்டு வேண்டும் என்று தேடித்தான் கொழிஞ்சாம்பாறையில் வேலந்தாவளம் சாலையோரம் உள்ள வெல்டிங் பட்டறை ஒன்றில் ஆறடி நீளம், நான்கடி அகலக் கூண்டையும், ஐம்பது முட்டை கொள்ளும் இன்குபேட்டரையும் (குஞ்சு பொரிக்கும் பெட்டி) வாங்கினோம். கூண்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இன்குபேட்டரைச் சில நிபந்தனைகளோடுதான் பரிந்துரைக்க முடியும்.

கூண்டின் சிறப்பு அதன் வலையில் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலையைக் கட்டிக் கொடுக்கிறார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாய் பல் வைத்து இழுத்தால் பிரிந்துவிடும். கண் பெரிதாக இருப்பதால் மரநாய் கையை உள்ளே விட்டு, வலையோரம் அடைந்திருக்கும் கோழியின் கழுத்தைப் பிடித்து இழுக்கும். இந்தப் பட்டறையில் நான்கு பக்கமும் அரை அங்குலக் கண் வெல்டு மெஷ்ஷை (கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை) சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த சாரை இதில் நுழைய வழியில்லை, எலியும் நுழையாது. எலி வராத இடத்துக்குப் பாம்பு வருவதும் குறையும். கதவுக்கு வெறும் கொக்கி மட்டும் போடாமல், தாழ்ப்பாளை நகர்த்திப் பின் திருப்பினால்தான் திறக்கும்படி அமைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கதவு திறந்துகொண்டால் அது ஓடித் தப்பவும் முடியாது என்பதை அறிந்தவர் செய்த வேலை அது.

அடித்தளமும் வலை, கால்கள் இரண்டடி உயரம் என்பதால் எச்சம் கீழே விழுந்துவிடுகிறது, தரை ஈரமும் ஏறுவதில்லை. பகலில் மேய விடும் அடைப்பு தனியாக வேண்டும் என்று சொன்னால், மண்ணுக்குள் ஓரடி புதைக்கும் அளவுக்கு வலையை நீட்டித் தருகிறார்கள். கீரியும் பெருக்கானும் (பெருச்சாளி) தோண்டி வருபவை என்பதால் அந்தப் புதைப்பு இல்லாத அடைப்பால் பயனில்லை. பொறி வைத்தோ விஷம் வைத்தோ கீரியைக் கொல்வது குற்றம். கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே நல்ல வலைக்குச் செய்யும் செலவே நேரான வழி.

குறை என்றால் கூரைத் தகரம். பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே கோழிகள் வாய் பிளந்து இரைக்கின்றன. மேலே தென்னங்கீற்று வேய்ந்த பிறகே சமாளிக்க முடிந்தது. வலையாலான அடித்தளத்தில் இளங்குஞ்சுகளின் கால் இடறுகிறது என்பதால், அவற்றை உமி பரப்பிய வேறு பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

இன்குபேட்டரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிளைவுட் பெட்டி, மின்விசிறி, தானாக முட்டை திருப்பும் தட்டு எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். ஆனால் திரையில் அந்த எண் தெரிந்தபோது, முட்டையின் அருகே வைத்த காய்ச்சல் தெர்மாமீட்டர் அதைவிடக் குறைவாகவே காட்டியது. வெப்பம் குறைந்தால் 21ஆம் நாள் பொரிய வேண்டிய குஞ்சு தாமதமாகும், பலவீனமாகவும் இருக்கும். பட்டறையில் சொன்னதும் மறுப்பேதும் சொல்லாமல் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். வாங்குவோர் முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் வெறுமனே ஓடவிட்டு, தனித் தெர்மாமீட்டரால் சரிபார்ப்பது கட்டாயம்.

அடுத்தது ஈரப்பதம். முதல் 18 நாட்களுக்கு 55 முதல் 60 சதவீதமும், அதன்பின் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு 65க்கு மேலும் தேவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் வறண்ட கிழக்குக் காற்றில், பெட்டியோடு வரும் ஒற்றைத் தண்ணீர்த் தட்டு போதவே போதாது. தண்ணீரின் ஆழத்தை விடப் பரப்பே ஈரத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், அகலமான இன்னொரு தட்டைக் கேட்டு வாங்குங்கள். ஓடு உடைக்கத் தொடங்கிய பின் ஆவலில் கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பொரிந்த குஞ்சு ஒரு நாள் வரை தீவனம் இல்லாமலே மஞ்சள்கருவின் பலத்தில் தாங்கும், அவசரம் தேவையில்லை.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை மட்டும் வைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி வீண் செலவு என்பதே என் கருத்து. நல்ல அடைக்கோழி ஒன்று அதை நம்மைவிட நன்றாகச் செய்யும், காக்கையையும் விரட்டும். கூடுதலாகப் பொரிப்பவர்கள், அடைக்கோழியையும் பெட்டியையும் ஒரே நாளில் தொடங்கி, பெட்டிக் குஞ்சுகளில் சிலவற்றை இரவில் கோழியின் இறக்கைக்கு அடியில் விடலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்கு முதல் வாரம் 35 டிகிரி கதகதப்பு கொடுத்து, பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி வரை குறைக்க வேண்டும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா கண்சொட்டுத் தடுப்பு மருந்தைத் தவறவிடக் கூடாது.

பட்டறையினர் தமிழும் மலையாளமும் கலந்து பொறுமையாக விளக்குகிறார்கள். விலை சாதாரண வலைக்கூண்டை விடக் கூடுதல்தான், ஆனால் வலையின் கனத்தைத் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாங்குவோருக்குக் கூண்டைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கேயே விற்கும் அடைமுட்டையையும் குஞ்சையும் மட்டும் கேட்டறிந்து வாங்குங்கள்: கேரளத்தில் பறவைக்காய்ச்சல் பரவும் காலத்தில் கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகளில் கோழி, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த நாட்களில் முட்டையை அவரவர் ஊரிலேயே வாங்கி, ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைப்பது நல்லது.